கடைப் பூ

முதல் தடவையா என்று அந்தப் பெண் கேட்டாள், நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன், ஆட்டாமல் வேறு என்ன செய்ய, இல்லையம்மா, நான் கஞ்சா வளர்க்கிறவள், என் அம்மாவும் வளர்த்தவள், போலீசுக்குப் பயந்து மரத்தடி மரத்தடியாகச் செடியை ஒளித்து வைத்த காலத்திலிருந்து சட்டப்படி கடை வைத்து விற்கிற இன்று வரை இதே மலையில் இதே வேலை என்று அந்தக் கண்ணாடி மேஜைக்கு முன்னால் நின்று சொல்ல முடியுமா... நல்ல பெண், மூக்கில் வளையம், நகத்தில் நீலச் சாயம், எவ்வளவு பொறுமை, இது தூக்கத்துக்கு, இது வலிக்கு, இது சும்மா சிரிப்பு வரும் என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள், நானும் மோந்து பார்த்து அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். ஒன்றாவது ஒழுங்காகக் காய்ந்த பூ இல்லை, எல்லாம் மின்விசிறியை வைத்து அவசரமாக ஈரத்தை விரட்டியது, புல் வாடை அடிக்கிறது, சொல்லிவிடலாமா என்று வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். சுத்தமானதா என்று மட்டும் கேட்டேன். அவள் டப்பாவைத் திருப்பி ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாள். "டெஸ்ட்ல பாஸ் ஆனது மேடம், பூச்சி மருந்து ஒண்ணுமே இல்ல, கவலையே படாதீங்க." கவலையே படாதீங்க... இதே வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் ஊர்க் கடையைத் தாண்டி, அடுத்த ஊர்க் கடையையும் தாண்டி, கடலோரம் வரை வண்டியை விரட்டிக்கொண்டு வந்தது எதற்கு, தெரிந்த முகம் ஒன்றும் எதிரே வந்துவிடக் கூடாது என்றுதானே, எங்கள் மலையில் ஒருத்தியைக் கடைப் பூ வாங்கினவள் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவளைத் திட்டுவதற்கு வார்த்தை தேட வேண்டாம்.

கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, மடியில் வைத்து, டப்பாவிலிருந்த பூவை என் கண்ணாடி ஜாடிக்கு மாற்றினேன். ஜாடியில் என் கையெழுத்து. ரோவீனா தோட்டம், ஊற்றுத் தண்ணீர், வெயில், வேறு ஒன்றும் இல்லை. எல்லா ஜாடியிலும் இதைத்தான் எழுதுவேன், எழுதும்போது கடைசி மூன்று வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தி எழுதுவேன், அதில் ஒரு திமிர். மூடியைத் திருகும்போதுதான் உறைத்தது, வெளியே ஒன்றை எழுதி உள்ளே வேறொன்றைப் போட்டு மூடிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்குப் பூச்சி மருந்து விற்ற அந்தக் கம்பெனிக்காரனும் எங்கோ ஒரு கொட்டகையில் உட்கார்ந்து இப்படித்தானே மூடியைத் திருகியிருப்பான்... இல்லை, அது வேறு, இது வேறு, நான் விஷத்தை எடுத்துவிட்டு நல்லதை வைக்கிறேன், ஹோலிஸுக்காகத்தான் வைக்கிறேன், அவனும் யாருக்காகவோதான் என்று நினைத்திருப்பானோ, பாவம் இந்த விவசாயிகள், செடியில் பேன் செத்தால் சரி என்று... சே, வண்டியை எடு ரோவீனா. மதியத்துக்குள் ஹோலிஸ் வீட்டில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் இரண்டு இழுப்பு இழுப்பார், இழுத்தால்தான் அந்த வயிறு ஒரு கிண்ணம் சூப்பை உள்ளே விடும், நேற்று ராத்திரி வரை அவர் இழுத்தது என் பூ, இன்று மதியம் அதை இழுக்கக் கூடாது, இப்போதைக்கு விஷயம் அவ்வளவுதான், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? கூப்பிட்டேனே, காலையில் விஷயம் தெரிந்ததும் முதல் வேலையாகக் கூப்பிட்டேன், "என்ன புள்ள, சூரியன் உதிச்சிருச்சா உங்க பக்கம்?" என்று அந்தக் கரகரத்த குரல் வந்ததும், நான் வாய்க்குள் உருட்டி வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்றோ, "மதியம் வர்றேன் ஹோலிஸ், நான் வர்ற வரைக்கும் இழுக்காதீங்க, புதுசு கொண்டாரேன்" என்றுதான் வந்தது. "புதுசா! அப்ப நான் குளிச்சு முழுகிக் காத்திருக்கேன்" என்று சிரித்தார், சிரிப்பு முடிவதற்குள் இருமல். அந்த நிமிஷத்தில்தான் ஜாடியை மாற்றி வைத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது, வந்தது என்ன வந்தது, ரொம்ப நாளாகத் தெரிந்தவள்போல உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய ஜாடியை எடுத்துக்கொள், புதிய ஜாடியை வை, கிளம்பு. யாருக்கு என்ன நஷ்டம்?

மேனார்ட் கூப்பிட்டது அதற்குக் கொஞ்சம் முன்னால். எங்கள் ஊரில் மண், உரம், குழாய், விளக்கு எல்லாம் அவன் கடையில்தான், பேசினால் நிறுத்த மாட்டான், இன்றைக்கு நிறுத்தி நிறுத்திப் பேசினான். "ரோவி, உக்காந்துருக்கியா?" அறுவடை நேரத்தில் யாரடா உட்கார்ந்திருப்பது, கையெல்லாம் பிசின், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறேன். "பேனுக்கு அடிக்கிற அந்த லவங்கப்பட்டை எண்ணெய் மருந்து இருக்குல்ல, அத இனி தொடாத, மாநிலத்து ஆளுங்க எடுத்துட்டுப் போயி டெஸ்ட் பண்ணிருக்கானுங்க, உள்ள வேற என்னமோ கலந்துருக்காம், எல்லாக் கடைக்கும் விக்காதேன்னு உத்தரவு வந்துருச்சு." அபாமெக்டின் என்று எழுத்துக் கூட்டிப் படித்தான். "லேபிள்ல பட்டை எண்ணெய், எலுமிச்சை உப்பு, தண்ணி, இவ்ளோதான போட்டிருந்துச்சு? நீயும்தான பாத்த? நான் என்ன ரோவி பண்ணுவேன், நானும் ஏமாந்தவன்தான்." ஆமாம் மேனார்ட், நீயும் ஏமாந்தவன், நானும் ஏமாந்தவள், எல்லாரும் ஏமாந்தவர்கள்... அந்தப் பெயரை அவன் கூட்டிப் படித்தான், நான் கூட்டாமலே படிப்பேன், பருத்திக்கும் ஆரஞ்சு மரத்துக்கும் அடிக்கிற மருந்து, கஞ்சாவின் பக்கத்திலேயே வரக் கூடாது, நெருப்பில் வைத்து நெஞ்சுக்குள் இழுக்கிற பொருளாயிற்றே. என் கொட்டகையில் தொங்குகிற பூ எதுவும் இனி பரிசோதனையில் தேறாது, கடைக்குப் போகாது, அத்தனையும் குப்பை, ஒரு வருஷ வேலை, போகட்டும், அதற்கு ஆள் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஹோலிஸின் சமையலறையில் ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஜாடிக்கு எந்தச் சட்டமும் கிடையாது. முதல் அறுப்பில் முதல் ஜாடி மலையில் யார் நோயாளியோ அவருக்கு என்பது எங்கள் வழக்கம், விலை கிடையாது, பரிசோதனை கிடையாது, கொட்டகையிலிருந்து நேரே அவர் கைக்கு. பரிசோதனைக்குப் போகாமல் தப்பித்த ஒரே பூ, நான் ஆசையாகக் கொடுத்த பூ.

ஆற்றுப் பாலம் தாண்டியாயிற்று, இனி வளைவுதான், வலது பக்கம் பள்ளம், எதிரே ஒரு மர லாரி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். இந்தச் சாலையில்தான் அம்மா படுத்தாள். மரக் கம்பெனிக்காரர்கள் வெட்டின காட்டில் புதர் மண்டாமல் இருக்க ஹெலிகாப்டரில் மருந்து தெளித்த காலம், அது ஓடையில் இறங்குகிறது, ஓடைத் தண்ணீரைத்தானே நாங்கள் குடிக்கிறோம், அந்த மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு அம்மா ஊர் ஊராகப் போனாள், யாரும் சொல்லவில்லை, அது வியாபார ரகசியமாம், ஒரு நாள் காலை போர்வையை எடுத்துக்கொண்டு போய் நடுச்சாலையில் படுத்துவிட்டாள். அன்றைக்கு வந்த லாரியை ஓட்டினவர் ஹோலிஸ். அவர் அதைச் சொல்லும் விதமே தனி, "உங்கம்மா மர்லீன் என் லாரிக்கு முன்னாடி படுத்தா, நான் இறங்கிப் பாத்தேன், ஒரு ஹிப்பி, கண்ண மூடிட்டுப் பாட்டு வேற பாடுது, சரி இது எந்திரிக்காதுன்னு வண்டிய ஆஃப் பண்ணிட்டு மதியச் சாப்பாட்ட காலையிலயே தின்னுட்டேன், அன்னிக்கு முழுநாள் சம்பளம் உக்காந்தே வாங்கினேன், நல்ல பொம்பள." அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் எங்களோடு பேச்சு இல்லை, எங்கள் வீட்டைக் கடக்கும்போது வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு போவார். கஞ்சாக்காரக் கும்பல் என்பார். போன வருஷம் வயிற்றில் கேன்சர் என்று தெரிந்து, ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்து, தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்துக் கிடந்தபோது, அவரே என் வேலிக்கு வந்து நின்றார், உள்ளே வரவில்லை, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கடைச் சரக்கெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல புள்ள. மர்லீன் பொண்ணு பொய் சொல்லாதுன்னு தெரியும். கொஞ்சம் குடு." மர்லீன் பொண்ணு பொய் சொல்லாது.

கண்ணாடியை இறக்கு, காற்று வரட்டும். நான் அழுதால் யாருக்காக அழுகிறேன், அவருக்கா, எனக்கா, இன்னும் பத்து நாளில் இது மலை முழுக்கத் தெரிந்துவிடும், ரோவீனாவா, அந்த நாக்கு ரோவீனாவா என்பார்கள், அதற்காகத்தானே? தோட்டம் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு இலையைப் பறித்து நாக்கில் ஒட்டிக் காட்டுவேன், என் தோட்டத்தில் நக்க முடியாத இலை கிடையாது என்பேன், கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்ன அடிக்கிறாய் என்று கேட்டபோது பட்டை எண்ணெய்தான், மேனார்ட் கடையில் கிடைக்கிறது என்று நானே சொல்லி அனுப்பினேன். அதனால்தானே இன்று ஒருவரிடமும் ஒரு ஜாடி கேட்டுப் போக முடியாமல் கடலோரக் கடைக்குப் போக வேண்டி வந்தது. எந்தத் தோட்டம் சுத்தம் என்று எனக்கே தெரியாது, சுத்தமில்லாமல் பண்ணினவளே நான்.

ஏமாந்தேன். அவரிடம் சொல்ல வேண்டி வந்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும், ஏமாந்துவிட்டேன் ஹோலிஸ். பொய்யில்லையே. ஆனால் ஜூலை மாதம்... ஜூலை மாதத்தைப் பற்றி இப்போது எதற்கு, சாலையைப் பார்... ஜூலை மாதம் பசுமைக்குடிலின் மூலையில் இலைக்கு அடியில் வெள்ளைப் புள்ளி, அடுத்த நாள் நுனியில் நூலாம்படை, சிலந்திப்பேன், கண்ணுக்குத் தெரியாத சனியன், விட்டால் ஒரு வாரத்தில் தோட்டத்தையே போர்த்திவிடும். எண்ணெய் மருந்து எதுவானாலும் பேன் மேல் நேராகப் பட்டால்தான் சாகும், முட்டை தப்பித்துவிடும், இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும், திரும்ப அடிக்க வேண்டும், திரும்ப, திரும்ப, முதுகு ஒடியும், வேப்பெண்ணெயோ சோப்போ எதுவோ எல்லாம் அப்படித்தான், இது எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பட்டை மருந்தை ஒரே ஒரு தடவை அடித்தேன். ஒரே தடவை. குடில் முழுக்கக் கிறிஸ்துமஸ் கேக் வாசனை. பேன் செத்தது, முட்டை பொரித்து வந்ததும் செத்தது, அறுப்பு வரைக்கும் ஒன்றும் திரும்பி வரவில்லை. பட்டை எண்ணெய் அப்படி வேலை செய்யாது. செய்யாது என்று எனக்குத் தெரியுமே, அம்மா இருந்திருந்தால் மூன்றாம் நாளே புட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பாள், நான் மேனார்டிடம் போய் இன்னொரு புட்டி கொடு, கையில் இருக்கட்டும் என்று கேட்டேன். அது மட்டுமா, இரண்டு வாரம் கழித்து, பேன் மிச்சமிருந்தால் தின்னட்டும் என்று வாங்கி விட்ட பொறிவண்டு, மெல்லிய பையைத் திறந்தால் சிவப்பு சிவப்பாக இலை மேல் ஏறும், பார்க்க ஆசையாக இருக்கும், மறுநாள் காலை மண்ணில் மல்லாக்கக் கிடந்தன, நிறைய. வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். யாரிடம் சொன்னேன்? பக்கத்தில் யாரும் இல்லை. பூட்ஸ் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன், ஏன் மூடினேன், வெயிலில் செத்ததை எதற்காக மூட வேண்டும்?

போதும். இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் நினைத்துத் தொலைத்துவிடு, அவர் வீட்டு வாசலில் நினைக்காமல் இருக்கலாம். போன வாரம் ஹோலிஸ் சொன்னார், "இப்பல்லாம் தலை கிறுகிறுங்குது புள்ள, முன்ன மாதிரி பசியும் எடுக்க மாட்டேங்குது, கை கூட உதறுது." டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன், மருந்து ஏற ஏற அப்படித்தான் இருக்கும் என்றாராம். நான் என்ன சொன்னேன்? கையைத் தட்டிக்கொடுத்து, இன்னும் ரெண்டு இழுப்பு கூட இழுங்க ஹோலிஸ் என்றேன். அவரும் இழுத்தார். நான் சொன்னதால் இழுத்தார். அது என் பூவால் வந்ததா, கேன்சரால் வந்ததா, ஆஸ்பத்திரி மருந்தால் வந்ததா, யாருக்கும் தெரியாது, இனிமேலும் தெரியப் போவதில்லை, எனக்கு அதில் ஒரு நிம்மதி இருக்கிறது பார், தெரியப் போவதில்லை என்பதில், அந்த நிம்மதியை நினைத்தால் முகம் எரிகிறது, ஓடுகிற வண்டியில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன், யார் பார்க்கிறார்கள், ஆனாலும் எரிகிறது.

ஹோலிஸ் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நிஜமாகவே குளித்திருந்தார், ஈரத் தலையைச் சீவியிருந்தார், சட்டைக்குள் ஆள் இல்லாததுபோல் சட்டை தொங்கியது. "என்ன புள்ள, தொப்பியெல்லாம் பலமா இருக்கு, பேங்க்குக்குள்ள பூந்துட்டு நேரா இங்க வர்றியா?" தொப்பியைக் கழற்ற மறந்திருக்கிறேன். கழற்றினேன். சிரித்தேன், சிரிப்பு நன்றாகவே வந்தது, இவ்வளவு நன்றாக வந்திருக்க வேண்டாம். உள்ளே அடுப்பில் சூப் சூடாகிக்கொண்டிருந்தது, சோள ரொட்டி துணிக்கு அடியில். அவர் நாற்காலியை விட்டு எழுந்து மெதுவாக உள்ளே வருவதற்குள் நான் நேரே ரொட்டி டப்பாவிடம் போய்ப் பழைய ஜாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், பாதி தீர்ந்திருந்தது, "பழசு வறண்டு போச்சு ஹோலிஸ், நான் எடுத்துக்கறேன்" என்றேன், புதியதை மேஜை மேல் வைத்தேன். முடிந்தது. இவ்வளவுதான் வேலை, இனி சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம், மழை வருமா என்று பேசலாம்.

அவர் மேஜைக்கு வந்து உட்கார்ந்து மூடியைத் திறந்து ஒரு பூவை எடுத்தார். விரலால் அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோனார், நிறுத்தினார், மறுபடி மோந்தார். ஜாடியைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தார். பூவைத் திரும்ப உள்ளே போட்டு மூடியை மூடினார். "இது யாரோடது?" என்னோடதுதான் என்றேன். "புள்ள, எனக்குக் கேன்சரு வயித்துலதான். மூக்குல இல்ல." நான் ஏதோ சொன்னேன், இது வேறு பாத்தி, நிழல் பக்கம், அப்படி ஏதோ. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது. "நல்லத வித்துட்டன்னா வித்துட்டேன்னு சொல்லு. நான் என்ன சண்டைக்கா வரப் போறேன்? ஓசியில வாங்குறவனுக்கு ரோஷம் என்ன கெடக்கு. ஆனா உன் ஜாடியில போட்டுக் குடுத்த பாரு... அது வேண்டாம் புள்ள." மோசமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டேன் என்று நினைக்கிறார், கஞ்சத்தனம் பண்ணினேன் என்று நினைக்கிறார், அப்படியே நினைக்கட்டுமே, அது நிஜத்தைவிட எவ்வளவோ மேல்... முடியவில்லை, அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. "என் பூவுல பூச்சி மருந்து இருக்கு ஹோலிஸ்" என்றேன்.

சொன்னேன். மேனார்ட் சொன்னது, பட்டை எண்ணெய் என்று விற்றது, லேபிளில் போடாமல் கலந்தது, உத்தரவு வந்தது, கடலோரக் கடைக்குப் போனது வரைக்கும் எல்லாம் சொன்னேன். ஏமாந்துட்டேன் என்றேன், அந்த வார்த்தையை நான் தனியாகத் தயார் பண்ணி வைத்திருந்தது குரலிலேயே தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. ஒரே தடவை அடித்ததைச் சொல்லவில்லை. பொறிவண்டைச் சொல்லவில்லை. தலை கிறுகிறுப்பைப் பற்றி, கை உதறலைப் பற்றி, இன்னும் இரண்டு இழுப்பு என்றதைப் பற்றி அவர் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன், அவர் கேட்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது, என் மேல் இல்லை, கண் கலங்கிப் போய் மேஜையைத் தட்டினார். "எவன் அவன்? உன்ன மாதிரி ஒருத்தியப் போயி ஏமாத்திருக்கான் பாரு, அவன் நல்லா இருப்பானா? மர்லீன் இருந்திருந்தா அவன் கம்பெனி வாசல்ல போயிப் படுத்திருப்பா. இதுக்கா புள்ள தொப்பிய மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போன? உன் தப்பு இல்ல. உன் தப்பு ஒரு மயிரளவு இல்ல." ஊசி குத்திக் குத்திக் கறுத்த கையை என் கை மேல் வைத்தார். நான் அழுதேன், ஏமாந்ததற்காக அழுகிறேன் என்று அவர் நினைத்தார், தட்டிக்கொடுத்தார், நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அப்படியே வைத்திருந்தேன், இதமாக இருந்தது, எனக்குச் சேராத ஒன்றைக் கண்ணெதிரே வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டிருந்தேன்.

சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. எழுந்து அணைத்தேன். கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன், கரண்டியை எடுத்தார், வாடை பட்டதும் முகம் சுருங்கியது, கிண்ணத்தைத் தள்ளி வைத்தார், இழுக்காமல் முடியாது. கடைப் பூ ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, அந்தப் பழசக் குடு." வேண்டாம் என்றேன். "அட குடு புள்ள. ஆஸ்பத்திரியில மாசாமாசம் ஒரு பை விஷத்த நரம்புல ஏத்துறானுங்க, நானே கையெழுத்துப் போட்டுக் கைய நீட்டுறேன். உன் தோட்டத்துல ஒரு சொட்டு கூடுதலா விழுந்து என்ன ஆகிறப் போவுது? இது வைக்கோலு. இத இழுக்கறதுக்கு நான் பட்டினி கெடக்கறேன். இந்த மலையில உன் பூ ஒண்ணுதான் எனக்கு எறங்குது, அதுல என்ன கெடந்தாலும் பரவால்ல." கையை நீட்டிக்கொண்டிருந்தார், விரல் நுனி லேசாக உதறியது.

அவருக்கு நான் சொன்னதில் பாதிதான் தெரியும், அந்தப் பாதியை வைத்துக்கொண்டு கை நீட்டுகிறார், மீதியைச் சொன்னால் கையை இழுத்துக்கொள்வார், சொல்ல வேண்டியது நான்கு வார்த்தை, எனக்கு அப்போதே தெரியும் ஹோலிஸ்... வாயைத் திறந்தேன். உள்ளே முதலில் எழுந்து வந்தது அது இல்லை. பயமும் இல்லை. உன் பூ ஒண்ணுதான் என்றாரே, அது போய் எங்கேயோ தொட்டு, நெஞ்சுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் வந்தது, கைதட்டும்போது வருமே, போட்டோ எடுக்கும்போது வருமே, அதே சந்தோஷம், இந்த நேரத்தில், இந்த மேஜையில், இந்த மனிதருக்கு எதிரே. என் பூதான் வேண்டுமாம். ஒரு நொடிதான் இருந்தது, ஒரு நொடிதான் என்று சொல்லிக்கொள்கிறேன்... அவர் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார், என்ன புள்ள யோசன என்கிறார், பழைய ஜாடியோடு பை என் மடியில் இருக்கிறது, எப்போது எடுத்து மடியில் வைத்தேன்?